18 மில்லி பலகையில 12 மீட்டர் உயரம்: விஆர் பயிற்சி செட்டப் போட்ட கதை

எட்டு மாசமா இழுத்துட்டு கிடந்த வேலை போன வாரம்தான் ஒரு வழிக்கு வந்துச்சு. டவர்ல ஏறி வேலை பாக்கறவங்களுக்கு உயரத்துல பாதுகாப்பு ஹூக்க எப்டி மாத்தி மாத்தி மாட்டணும்னு விஆர் (விர்ச்சுவல் ரியாலிட்டி) ஹெட்செட்ல பழக்கறதுக்கு ஒரு செட்டப். ஆரம்பிச்சப்போ ட்ரெய்னிங்குக்கு மட்டும்னுதான் நெனச்சோம், நடுவுல எங்க ஆள் ஒருத்தருக்கு ஏணியில மூணாவது படிக்கு மேல காலே வரமாட்டேங்குதுன்னு ஆனதுல அது பாதி தெரபியா மாறிடுச்சு. எங்கெங்க சொதப்பினேன்னு மறக்கறதுக்குள்ள எழுதி வச்சிடறேன். நான் சேஃப்டி ட்ரெய்னர், புரோகிராமர் இல்ல, யூனிட்டிங்கற 3டி காட்சி செய்யற சாஃப்ட்வேர் எல்லாம் வீடியோ பாத்து கத்துக்கிட்டதுதான், அதனால இதுல சில இடம் தெரிஞ்சவங்களுக்கு சிரிப்பா இருக்கும், பரவால்ல.

எல்லாம் மேனேஜர் ஆரம்பிச்சு வச்சது. வால்மார்ட் 2018ல ட்ரெய்னிங்குக்கு 17,000 ஓக்குலஸ் கோ ஹெட்செட் எறக்குனாங்கல்ல, நமக்கு ரெண்டு வாங்கினா போதாதான்னு கேட்டார். சரின்னு குவெஸ்ட் 2 ஹெட்செட் ரெண்டு வந்துச்சு. நானும் அதே பாணியில 360 டிகிரி கேமராவ டவர் மேல வச்சு வீடியோ எடுத்தேன், ஏறி எறங்கி மூணு நாள் போச்சு. போட்டுப் பாத்தா படம் நல்லாத்தான் இருக்கு, ஆனா விளிம்புல குனிஞ்சு கீழ எட்டிப் பாத்தா ஒட்டுமொத்த டவரும் நம்ம கூடவே குனியுது. தலை திரும்பறத மட்டும்தான் அந்த வீடியோ புரிஞ்சுக்கும், தலை நகர்றத புரிஞ்சுக்காது. உக்காந்து பாத்து கத்துக்கற பாடத்துக்கு அது போதும், கடையில கஸ்டமர்கிட்ட எப்டி பேசணும்ங்கற மாதிரி விஷயத்துக்கு தாராளமா போதும். உயரத்துக்கு ஆகாது. பயமும் வரல, குமட்டல் மட்டும் வந்துச்சு. மூணு நாள் உழைப்பு குப்பைக்குப் போச்சு.

அடுத்து டிசைன் டீம்கிட்ட டவரோட கேட் (CAD) ஃபைல், அதாவது கம்ப்யூட்டர் வரைபடத்த வாங்கி அப்டியே யூனிட்டிக்குள்ள போட்டேன். இங்கதான் பெரிய அடி. அவங்க ஃபைல்ல ஒவ்வொரு போல்ட்டும் அதோட நட்டும், நட்டுக்குள்ள மரையும்கூட வரைஞ்சிருக்காங்க. 3டி உருவம் எல்லாமே குட்டி குட்டி முக்கோணத்தால ஆனதுதான், இதுல மொத்தம் 28 லட்சம் முக்கோணம். ஹெட்செட்ல செகண்டுக்கு 31 ஃப்ரேம்தான் வருது. குவெஸ்ட் 2ல கொறஞ்சது 72 வேணும், அதாவது ஒரு ஃப்ரேம வரைய சுமார் 13.9 மில்லி செகண்டுதான் டைம், அதுக்கு மேல போனா தலை திரும்பினப்பறம் படம் பின்னாடியே இழுத்துட்டு வரும், ரெண்டே நிமிஷத்துல நெத்தியில வேர்வை வந்துடும். பிளெண்டர்ங்கற 3டி சாஃப்ட்வேர்ல ஒக்காந்து போல்ட்ட எல்லாம் அழிச்சேன், தூரத்துல இருக்கறத வெறும் படமா ஒட்டினேன், வெளிச்சத்த மொத்தமா முன்னாடியே கணக்குப் போட்டு படத்துலயே பதிச்சுட்டேன், நூத்துக்கணக்குல இருந்த மெட்டீரியல (மேற்பரப்பு வகைய) நாலா சுருக்கினேன். கடைசியா 1,80,000 முக்கோணத்துல நின்னுச்சு, 72 ஆடாம வந்துச்சு. ரெண்டு வாரம். ஒரு விஷயம் கவனிச்சேன், போல்ட் போனது யாருக்குமே தெரியல, ஆனா கைப்பிடி பைப்ல துருவும் பெயிண்ட் உரிஞ்ச இடமும் டெக்ஸ்சர்ல (மேல ஒட்டற படத்துல) வந்தவுடனே எங்க ஆளுங்க "இது நம்ம டவருதான்"ன்னு சொன்னாங்க. கையும் கண்ணும் போற எடத்துல மட்டும் வேலை செஞ்சா போதும்போல.

நடக்கறதுக்கு மொதல்ல ஜாய்ஸ்டிக் வச்சிருந்தேன். அஞ்சு பேர போட வச்சேன், மூணு பேர் பாதியிலயே கழட்டிட்டாங்க, ஒருத்தர் மதியம் வரைக்கும் தலையப் பிடிச்சுட்டு ஒக்காந்திருந்தார். கண்ணு நடக்குதுன்னு சொல்லுது, காது உள்ள இருக்கற சமநிலை உறுப்பு நிக்கிறன்னு சொல்லுது, அந்தச் சண்டைதான் குமட்டல். ஜாய்ஸ்டிக்க மொத்தமா தூக்கிட்டேன். 4க்கு 4 மீட்டர் காலி எடம், அதுக்குள்ள நெஜமா நடந்தா நடக்கறது, அவ்ளோதான். மேல போறதுக்கு விஆருக்குள்ள ஒரு லிஃப்ட் வச்சேன், திறந்த லிஃப்ட்ல ஏறும்போதும் வயிறு புரட்டுச்சு, நாலு பக்கமும் அடைச்ச கூண்டா மாத்தி சின்னதா ஒரு கம்பி ஜன்னல் மட்டும் விட்டதும் அந்தப் பிரச்சனை போயிடுச்சு.

அப்பறம் பலகை. காலுக்கு அடியில ஒண்ணு தட்டுப்படணும், அது இல்லாம வெறும் தரையில நின்னா மூளை ஏமாறவே மாட்டேங்குது. மொத பலகை 2.4 மீட்டர் நீளம், 25 சென்டிமீட்டர் அகலம், 4 சென்டிமீட்டர் கனம். கனம் ஜாஸ்தி, விளிம்புல கால் மடங்குது. கொஞ்சம் ஆட்டம் இருந்தா இன்னும் தத்ரூபமா இருக்கும்னு அடியில துணிய மடிச்சு வச்சேன் பாருங்க, அது முட்டாள்தனம், ஒருத்தருக்கு கணுக்கால் பிசகிடுச்சு. இப்போ இருக்கறது 18 மில்லி பிளைவுட், ஓரத்த இழைச்சு சரிவா விட்டிருக்கு, அடியில ரப்பர் ஷீட் ஒட்டியிருக்கு. ஹெட்செட் போட்டவருக்கு 18 மில்லியா 4 சென்டிமீட்டரான்னு தெரியவே தெரியாது, விளிம்பு பாதத்துல தட்டுப்பட்டா போதும். பக்கத்துல ஒரு டேபிள் ஃபேன், மேல போக போக ஸ்பீட கூட்டினேன். இந்த மொத்த செட்டப்புல செலவே இல்லாம கிடைச்ச பெரிய எஃபெக்ட் அந்த ஃபேன்தான்.

மட்டம் சரியா வைக்கலன்னா இதெல்லாம் வேஸ்ட். ஹெட்செட் நெனச்ச தரைக்கும் நெஜத் தரைக்கும் 5 சென்டிமீட்டர் வித்தியாசம் இருந்தா கால் பலகைக்குள்ள புதைஞ்ச மாதிரி தெரியும், பயம் அங்கயே செத்துடும். கன்ட்ரோலர தரையில வச்சு தரை மட்டத்த ஒவ்வொரு நாளும் காலையில திரும்ப எடுக்கறேன். அதே மாதிரி சுவத்துல கிளாம்ப் போட்டு ஒரு 48 மில்லி சாரப் பைப்ப குறுக்கா மாட்டியிருக்கேன், அதோட இடது முனையில கன்ட்ரோலர வச்சு ஒரு தட்டு, வலது முனையில ஒரு தட்டு, விஆர்ல இருக்கற பைப் நகர்ந்து வந்து நெஜ பைப் மேல ஒக்காந்துக்கும். ரெண்டு சென்டிமீட்டர் பிசகு இருக்கும், கைய நீட்டினா பைப் கைக்கு வந்துடும். யாராவது தெரியாம கன்ட்ரோலர் பட்டன அமுக்கிப் பிடிச்சு வியூவ ரீசெட் பண்ணிட்டா எல்லாம் போச்சு, திரும்ப மொதல்ல இருந்து.

பைப்பும் ஹூக்கும் எதுக்குன்னா, அதுக்கு ஒரு தோல்வி இருக்கு. மொத வெர்ஷன்ல கன்ட்ரோலர் டிரிக்கர அமுக்கினா ஹூக் மாட்டிக்கும்னு வச்சிருந்தேன். ஆறு பேர் நாலு நாள் பழகினாங்க, வரிசை எல்லாம் மனப்பாடம், ஒண்ணு மாட்டியிருக்கும்போதுதான் இன்னொண்ண கழட்டணும், தலைக்கு மேல மாட்டணும், ஒருத்தர்கூட தப்பு பண்ணல. நெஜ ஏணிக்கு கூட்டிட்டுப் போனா, கிளவுஸ் போட்ட கையில ஹூக்கோட பூட்ட அமுக்கி வாயத் தொறக்க தெரியாம முழிக்கறாங்க. ஏன்னா நான் பழக்கினது ஆள்காட்டி விரல. நெஜ ஹூக்குக்கு உள்ளங்கையும் கட்டை விரலும் சேந்து வேலை செய்யணும். வரிசை தலையில ஏறியிருந்துச்சு, கையில ஏறல. மேனேஜர் பக்கத்துலயே நின்னுட்டிருந்தார், எனக்கு பூமி பொளந்து உள்ள போயிடலாம்போல இருந்துச்சு.

அதனால நெஜ ஹார்னஸ் (உடம்புல மாட்டற பாதுகாப்பு பெல்ட்), நெஜ ரெட்டை லேன்யார்ட் (அதுல இருந்து ஹூக்குக்குப் போற ரெண்டு நாடா), நெஜ ஹூக். ஹெட்செட்டோட கை டிராக்கிங் கிளவுஸ் போட்டா எனக்கு ஒழுங்கா வேலை செய்யல, அதனால கன்ட்ரோலர முன்கையில ஒரு ஸ்ட்ராப் வச்சு கட்டிட்டேன். ஹூக் பைப்ல மாட்டியாச்சான்னு எப்டி கண்டுபிடிக்கறது? மொதல்ல கை பைப்புக்கு 8 சென்டிமீட்டர்குள்ள வந்தா மாட்டியாச்சுன்னு வச்சேன், ஒரே நாள்ல கண்டுபிடிச்சிட்டாங்க, ஹூக்க சும்மா பைப்ல தொட்டுட்டு போயிட்டே இருக்காங்க. அப்பறம் ஹூக் வாயில காந்தமும், காந்தம் பக்கத்துல வந்தா ஆன் ஆகற ரீட் சுவிட்சும் ஒட்டினேன், ஹூக்கு இரும்பு, காந்தத்த எங்க வச்சாலும் சுவிட்ச் ஆன்லயே நிக்குது. கடைசியா லீவர் வச்ச சின்ன மைக்ரோ சுவிட்ச், அத இஎஸ்பி32ங்கற சின்ன வைஃபை சர்க்யூட் போர்டுல இணைச்சு இடுப்புப் பையில பவர் பேங்கோட போட்டு, வைஃபைல ஹெட்செட்டுக்கு அனுப்பறேன். வாய் தொறந்து, மூடி, அந்த நேரத்துல கை பைப் பக்கத்துல இருந்தாத்தான் பச்சை. இதுக்கு மட்டும் ஒரு மாசம் ஆச்சு, சால்டர் விட்டுப் போறதே தனிக் கதை.

இத மட்டும் தயவுசெஞ்சு கவனிங்க: ஸ்க்ரூ போட்டு சுவிட்ச் மாட்டின ஹூக்கும் லேன்யார்டும் அதுக்கப்பறம் நெஜ வேலைக்கு ஆகவே ஆகாது. நான் அத முழுசா செகப்பு பெயிண்ட் அடிச்சு, விழும்போது அதிர்ச்சிய தாங்கற ஷாக் அப்சார்பர அறுத்து எடுத்துட்டேன், அவசரத்துல யாரும் எடுத்துட்டுப் போயிடக்கூடாது. இத பண்றதுக்கு முன்னாடி ஒரு நாள் அது ஸ்டோர் ரூம் ஆணியில மத்ததோட தொங்கிட்டிருந்தத பாத்தேன், அன்னிக்கு ராத்திரி தூக்கம் வரல.

இன்னொரு தப்பும் பண்ணேன், அது டெக்னிக்கல் தப்பு இல்ல. ஹூக் மாட்டாம நகர்ந்தா கீழ விழற மாதிரி அனிமேஷன் வச்சேன். பயந்தாத்தான் மறக்க மாட்டாங்கன்னு ஒரு எண்ணம். மொதல்ல போட்ட பையன் அலறி ஹெட்செட்ட பிடுங்கி எறிஞ்சான், பின்னாடி நான் ஹார்னஸ பிடிச்சிருக்கலன்னா சுவத்துல போய் மோதியிருப்பான். அவன் அதுக்கப்பறம் அந்த ரூம் பக்கமே வரல. இப்போ தப்பு பண்ணா படம் 0.2 செகண்டுல கறுப்பாகும், ஒரு விசில், திரும்ப அதே எடம். பலகைய விட்டு கால் வெளிய வச்சாலும் அதேதான், ஏன்னா ரெண்டு பசங்க சும்மா தமாஷுக்கு குதிச்சுப் பாத்தாங்க.

இப்போ, மொதல்ல சொன்னேனே, ஏணியில காலே வராம போன அந்த அண்ணன் விஷயம். இருபது வருஷமா ஏறினவர். போன வருஷம் கூட வேலை பாத்தவர் ஒருத்தர் ஏணியில வழுக்கி பெல்ட்ல தொங்கினத பக்கத்துல இருந்து பாத்திருக்கார். தொங்கினவர் ஒரு மாசத்துல திரும்ப ஏற ஆரம்பிச்சிட்டார், இவருக்கு வரல. மூணாவது படியில கை பைப்ப விட மாட்டேங்குது. எனக்கு அப்போ ஒரு ஆய்வு பத்தி தெரிஞ்சிருந்தது, ஆக்ஸ்ஃபோர்டுல டேனியல் ஃப்ரீமன் டீம் 2018ல செஞ்சது, உயரத்துக்கு பயப்படற 100 பேர எடுத்து அதுல பாதிப் பேருக்கு தெரபிஸ்ட் பக்கத்துல இல்லாமலேயே விஆர்ல சிகிச்சை குடுத்தாங்க, பயம் நல்லாவே கொறஞ்சுது. அத பாத்துட்டு நானே பண்ணிடலாம்னு துணிஞ்சேன். ஒரு மீட்டர்ல நிக்க வச்சேன், "எப்டிண்ணே இருக்கு"ன்னேன், "ஒண்ணுமில்ல தம்பி"ன்னார், மூணு மீட்டர்லயும் ஒண்ணுமில்லன்னார், நேரா ஒம்பதுக்கு தூக்கிட்டேன். அவர் எதுவும் பேசல. மெதுவா ஹெட்செட்ட கழட்டி மேசையில வச்சுட்டு, தண்ணி குடிச்சுட்டு, போயிட்டார். பத்து நாள் லீவு.

அப்பறம்தான் எங்களுக்கு வர்ற சைக்காலஜிஸ்ட் மேடம்கிட்ட சொன்னேன். நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டேன். "அந்த புரோகிராம்ல தெரபிஸ்ட் இல்லன்னு யார் சொன்னா, தெரபிஸ்ட் செய்யற வேலைய உள்ளயே எழுதி வச்சிருக்காங்க, ஒரு கோச் பேசிட்டே வருவாங்க, படிப்படியா டாஸ்க் குடுப்பாங்க, மரத்துல மாட்டின பூனைய எறக்கறதுன்னு. நீங்க வச்சிருக்கறது ஒரு பலகை"ன்னாங்க. உயரத்துக்கான விஆர் சிகிச்சைய பார்பரா ராத்பாம் டீம் 1995லயே பண்ணிட்டாங்களாம், இப்போ நம்ம ஃபோன்ல வர்ற படத்துல கால்வாசி தரம்கூட இல்லாத கிராஃபிக்ஸ்ல, அப்பவே வேலை செஞ்சதுன்னா அதுக்கு காரணம் படி படியா போனதுதான்னு சொன்னாங்க. எனக்கு 28 லட்சம் முக்கோணம் ஞாபகம் வந்துச்சு.

அதுல இருந்து மேடம்தான் நடத்தினாங்க, நான் ஆபரேட்டர். 1, 2, 3, 4.5, 6, 9, 12 மீட்டர்னு ஏழு படி வச்சேன், உயரத்த ஸ்லைடர்ல மாத்தற மாதிரி ஒரு லேப்டாப் ஸ்கிரீன். ஒவ்வொரு நிறுத்தத்துலயும் "பயம் நூத்துக்கு எவ்ளோ"ன்னு மேடம் கேப்பாங்க, அது பாதிக்கு எறங்கற வரைக்கும் அங்கயே நிக்கணும், அவரா "போலாம்"னு சொன்னாத்தான் அடுத்தது. கஷ்டம் என்னன்னா அண்ணன் எதுக்கெடுத்தாலும் "அம்பது"ம்பார். ஒரு மீட்டர்லயும் அம்பது, நாலரை மீட்டர்லயும் அம்பது. மேடம் நம்பர கேட்டுக்கிட்டே அவர் கையத்தான் பாத்தாங்க. பைப்ப பிடிச்சிருக்கற கையில விரல் கணு வெளுத்துப் போயிருக்கும், கொஞ்ச நேரத்துல கட்டை விரல் மட்டும் மெதுவா பைப்ப தடவ ஆரம்பிக்கும், துரு இருக்கான்னு பாக்கற மாதிரி. அப்போ மேடம் திரும்ப கேப்பாங்க, "அம்பது"ம்பார், மேடம் நாப்பதுன்னு எழுதிப்பாங்க. பைப் சும்மா ஹூக்குக்குன்னு மாட்டினது, அது இப்டி உதவும்னு நான் நெனக்கல.

பூனைக்கு பதிலா நான் பலகையோட அந்தப் பக்கக் கடைசியில ஒரு ஸ்பேனரும் நாலு நட்டும் வச்சேன், போய் எடுத்துட்டு வரணும். அது வந்தப்பறம் வேற மாதிரி ஆயிடுச்சு. சும்மா நில்லுங்கன்னா கீழ பாத்துட்டே நிப்பார், ஸ்பேனர எடுங்கன்னா வேலைக்காரனா மாறிடுவார், "எவன்டா இத இங்க வச்சது"ன்னு திட்டிக்கிட்டே எடுப்பார். ஒரு செஷன் 20 நிமிஷம், வாரத்துக்கு ரெண்டு, மொத்தம் ஒம்பது செஷன். ஆறு மீட்டர்ல மட்டும் மூணு செஷன் நின்னோம். அவசரப்படாம இருக்கறதுதான் எனக்கு இதுல கஷ்டமா இருந்த வேலை.

சில்லறை விஷயங்கள். குவெஸ்ட் 2ல லென்ஸ் இடைவெளி 58, 63, 68 மில்லின்னு மூணே நிலைதான், ரெண்டுக்கும் நடுவுல கண்ணு இருக்கறவங்களுக்கு படம் மங்கலாவே இருக்கும், சிலருக்கு தலைவலி அதனாலதான், விஆரால இல்ல. ஹெல்மெட்டும் ஹெட்செட்டும் ஒண்ணா போட முடியல, மேல் ஸ்ட்ராப் இடிக்குது, எப்டியோ வச்சாலும் ஹெல்மெட் விளிம்பு மேல் கேமராவ மறைக்குது, விட்டுட்டேன். முகத்துல படற ஃபோம் பத்து பேர் வேர்வைக்கு அப்பறம் தாங்காது, கழுவக்கூடிய சிலிக்கான் கவர் போட்டுட்டேன். லென்ஸ்ல ஆல்கஹால் படக்கூடாது, காய்ஞ்ச மைக்ரோஃபைபர் துணி மட்டும். அப்பறம், ஒரு ஹெட்செட்ட நான் ஜன்னல் ஓரத்துல லென்ஸ் மேல பாத்த மாதிரி வச்சுட்டு சாப்பிடப் போயிட்டேன், வெயில் லென்ஸ் வழியா குவிஞ்சு ஸ்கிரீன்ல மஞ்சளா ஒரு பொட்டு, போகவே போகாது. ரெண்டுல ஒண்ணு காலி. பலகை, பைப், கிளாம்ப், ஃபேன், சர்க்யூட் எல்லாம் சேத்தா ஒரு ஹெட்செட் விலையில கால்வாசிகூட வராது, அந்த ஜன்னல்தான் பெரிய செலவு.

அடுத்த தடவைன்னா மொதல்ல பைப்பையும் பலகையையும் போட்டு, டவருக்கு பதிலா வெறும் சாம்பல் நிற டப்பாவ வச்சே ரெண்டு பேர நிக்க வச்சுப் பாப்பேன், அழகு அப்பறம். மேடம மொத நாளே கூப்பிடுவேன். மைக்ரோ சுவிட்ச் வயர ஹூக்குக்கு வெளிய விடாம லேன்யார்ட் நாடாவுக்குள்ள விடணும், இப்போ பத்து செஷனுக்கு ஒரு தடவை அறுந்துடுது.

போன வாரம் அண்ணன நெஜ ஏணிக்கு கூட்டிட்டுப் போனோம். மூணு மீட்டர் மேடைதான், மேடம் கீழ நின்னாங்க, நான் அவருக்கு ஒரு படி கீழ. மூணாவது படியில நின்னார், ரொம்ப நேரம் நின்னார், கட்டை விரல் பைப்ப தடவுச்சு, அப்பறம் நாலாவது. மேல போய் மொத ஹூக் தலைக்கு மேல, இழுத்துப் பாத்தார், ரெண்டாவது ஹூக், இழுத்துப் பாத்தார். ஒரு மாதிரி சந்தேகமா சுத்தி சுத்திப் பாத்தார். "என்னண்ணே"ன்னேன்.

"இங்க காத்தே காணோமேடா?"

ஃபேன ஒரு ஸ்பீடு கொறச்சாச்சு.